இவாமி கின்சான் வெள்ளிச் சுரங்கமும் ஓமோரி ஊரும்: போகலாமா, எப்படிப் போவது, எத்தனை நாள்?

#1 தூரதேசி

ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில் இருக்கும் இவாமி கின்சான் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் என்று படித்தேன். ஆனால் பயண விமர்சனங்களில் பலர், "முக்கால் மணி நேரம் நடந்து போனால் மலையில் ஒரு பொந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையிலேயே போகத் தகுந்த இடமா? கார் இல்லாமல் போக முடியுமா? கூட வருபவர்களில் முட்டி வலி உள்ள பெரியவர் ஒருவர், சுத்த சைவம் ஒருவர்.

#2 கனிமக்கல்

அந்த விமர்சனங்களில் பொய் இல்லை. பொதுமக்கள் எந்நாளும் போகக்கூடிய சுரங்கம் ரியூகென்ஜி மாபு ஒன்றுதான். "மாபு" என்றால் அங்கே சுரங்க வாய். மொத்த நீளம் சுமார் 600 மீட்டர் என்றாலும் திறந்திருப்பது 157 மீட்டர். அதன் கடைசியிலிருந்து புதிதாக வெட்டிய 116 மீட்டர் வழி ஒன்று வெளியே கொண்டுவந்து விடும். நிற்காமல் நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. உள்ளே பளபளக்கும் வெள்ளி எதுவும் கிடையாது. வெள்ளிச் சுரங்கம் என்ற பெயரை நம்பி அதைத் தேடிப் போகிறவர் ஏமாறத்தான் செய்வார்.

அங்கே பார்க்க வேண்டியது மூன்றும் சேர்ந்த ஒரு சங்கிலி: மலையில் தாது, கீழே நிர்வாக ஊரான ஓமோரி, கடற்கரையில் வெள்ளி ஏற்றிய துறைமுகங்கள். யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதும் இந்த முழுச் சங்கிலிதான். பொந்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, கோயிலுக்குப் போய்ச் செருப்பு விடும் இடத்தோடு திரும்புவது போல.

அந்தப் பத்து நிமிடத்தையும் சரியாகப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 1715-ல் வெட்டத் தொடங்கிய சுரங்கம் அது. வெடிமருந்து கிடையாது, உளியும் சுத்தியலும்தான். பக்கச் சுவரில் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் ஒவ்வொரு உளிக் கொத்தும் தனித்தனி நிழலோடு எழுந்து வரும். பிறகு இரு புறமும் ஆள் தவழ்ந்துதான் போக முடியும் என்ற அளவில் சின்னச் சின்னப் பொந்துகள் பிரிவதைப் பாருங்கள். தாது நாளம் பாறைக்குள் ஓடிய திசையிலேயே அவையும் ஓடுகின்றன. நாளம் எவ்வளவு அகலமோ அதற்கு மேல் பாறையை வெட்டினால் கூலி நட்டம், அதனால்தான் இத்தனை குறுகல். விளக்கு என்பது சங்குச் சிப்பியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டது. அந்தப் புகையையும் பாறைத் தூசியையும் மூச்சில் இழுத்தபடிதான் வேலை. சுரங்கத் தொழிலாளி முப்பது வயதைத் தொட்டால் வீட்டில் விருந்து வைத்துக் கொண்டாடினார்கள் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். 1850-களில் காசாஓக்கா ஊர் வைத்தியர் ஒருவர் வந்து, இரும்புச் சட்டத்தில் பட்டுத்துணி கட்டி, ஊமே பழச் சதை தடவிய முகமூடி செய்து கொடுத்தார். இன்றைய தூசி முகமூடிக்கு அது முன்னோடி.

#3 ரயில்பாதை

போக்குவரத்து பற்றி. முதலில் பெயர்க் குழப்பங்கள். இதில்தான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

பனி, மர விடுதிகள், காஸ் விளக்குகள் என்று பிரபலமான படம் இருக்கிறதே, அது யமகாதா மாகாணத்து வெந்நீர் ஊற்று ஊரான கின்சான் ஓன்சென். "கின்சான்" என்றால் வெள்ளிமலை, அவ்வளவுதான். அது நாட்டின் இன்னொரு கோடி. அடுத்து, சான்-இன் ரயில் பாதையிலேயே டொட்டோரி மாகாணத்தில் "இவாமி" என்று ஒரு நிலையம் உண்டு. அங்கே இறங்கினால் சுரங்கம் வெகு தூரம். மூன்றாவது, ஹாகி-இவாமி விமான நிலையம். பெயரில் இவாமி இருந்தாலும் அது மாகாணத்தின் மேற்குக் கோடியில் மாசுதாவில் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் இசுமோ விமான நிலையம்.

நீங்கள் இறங்க வேண்டியது ஓடாஷி நிலையம். அந்த ஊர்ப் பெயரின் அதே இரண்டு எழுத்துகளைத் தோக்கியோவில் "ஓட்டா" என்று வாசிப்பார்கள். செயலியில் ஓட்டா என்று தட்டினால் தோக்கியோவின் தென்பகுதிக்கு வழி காட்டும். "ஷிமானே" என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள்.

தோக்கியோவிலிருந்து நல்ல வழி சன்ரைஸ் இசுமோ இரவு ரயில். 21:50-க்குப் புறப்பட்டு மறுநாள் 9:58-க்கு இசுமோஷி சேரும். பகலில் என்றால் ஓக்கயாமா வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து யகுமோ விரைவு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். இசுமோஷியிலிருந்து ஓடாஷிக்கு விரைவு ரயிலில் அரை மணிக்குள், சாதா ரயிலில் முக்கால் மணி வரை. சாதா ரயில்களுக்கு இடையில் சில வேளை இரண்டு மணி நேரம்கூட இடைவெளி விழும், ஆகவே முதலில் ரயிலைப் பிடித்துவிட்டுப் பேருந்தைப் பார்ப்போம் என்று போகக் கூடாது. ஓடாஷியிலிருந்து ஓமோரிக்குப் பேருந்து சுமார் அரை மணி. திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். டாக்சி கைகாட்டிப் பிடிக்கிற ஊர் இல்லை அது.

பேருந்தில் ஏறியதும் எண் சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும். இறங்கும்போது முன்பக்கப் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே காட்டும் கட்டணத்தைச் சில்லறையாகப் போட வேண்டும். வண்டியில் 1,000 யென் நோட்டுக்குச் சில்லறை மாற்றலாம். 10,000 யென் நோட்டோடு ஏறினால் ஓட்டுநருக்கும் உங்களுக்கும் சங்கடம்.

#4 தூரதேசி

மிக்க நன்றி. கின்சான் ஓன்சென் படத்தைத்தான் நானும் இதுவரை இவாமி என்று நினைத்திருந்தேன்! கனிமக்கல் சார், உள்ளே வெள்ளி தெரியாது என்றால், அவ்வளவு வெள்ளி எங்கிருந்து எப்படி வந்தது? உலக வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

#5 கனிமக்கல்

அதில் ஒரு திருத்தம். 16, 17-ம் நூற்றாண்டுகளின் உச்சத்தில் உலக வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கு என்ற கணிப்பு ஜப்பான் முழுவதற்கும். இவாமி அதில் பெரும்பங்கு, முழுப்பங்கு இல்லை. என்றாலும் ஒரே ஒரு சுரங்க வாயின் கணக்கைக் கேட்டாலே போதும்: 1600-களின் தொடக்கத்தில் கமாயா மாபுவைத் திறந்த யசுஹாரா டென்பே ஓராண்டில் அன்றைய ஆட்சியாளர் தொகுகாவா இயேயாசுவுக்குச் செலுத்திய வெள்ளி 3,600 கான், நம் கணக்கில் சுமார் 13.5 டன். போர்த்துகீசியர் ஃபெர்னாவோ வாஸ் டொராடோ 1568-ல் வரைந்த நிலப்படத்தில் இந்தப் பக்கத்தையே "வெள்ளிச் சுரங்கங்கள்" என்று குறித்திருக்கிறார்.

எப்படி வந்தது என்பதுதான் கதையின் உயிர். 1526-27 வாக்கில் ஹாகாதா வணிகர் கமியா ஜுடெய் இந்த மலையில் வேலையைத் தொடங்கினார். முதலில் தாதுவை வெட்டி அப்படியே வெளியே அனுப்பினார்கள். 1533-ல் கொரியாவிலிருந்து வந்த "ஹைஃபுகி" முறை இங்கேயே பிரித்தெடுக்க வழி செய்தது. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: ஹை என்றால் சாம்பல், ஃபுகி என்றால் ஊதுதல்.

முதலில் தாதுவை இடித்துத் தூளாக்கி, தட்டில் தண்ணீரோடு அலசுவார்கள். கனமான தாது அடியில் தங்கும், மண் வழிந்துவிடும். அந்தத் தாதுவைக் காரீயத்தோடு சேர்த்து உலையில் உருக்கினால், வெள்ளியைக் காரீயம் தன்னோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். மேலே மிதக்கும் கசடை வழித்துவிடலாம். இப்போது கையில் இருப்பது காரீயமும் வெள்ளியும் கலந்த கட்டி. நிலத்தில் குழி வெட்டி, சாம்பலை இறுக்கி அமுக்கி, நடுவைக் கிண்ணம் போலக் குழித்து, அதில் கட்டியை வைத்து, மேலே கரி அடுக்கி, துருத்தியால் காற்று ஊதுவார்கள். காரீயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி உருகிச் சாம்பலுக்குள் ஊறிப் போகும். வெள்ளி ஆக்சைடு ஆகாது, ஊறவும் ஊறாது. பொற்கொல்லர் பட்டறையில் புடம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

இதில் தவறுகிற இடங்கள் பல. சாம்பலைச் சரியாக அமுக்காவிட்டால் சூட்டில் விரிசல் விட்டு வெள்ளியும் உள்ளே ஓடிவிடும். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கட்டியை வெடித்துச் சிதறடிக்கும். காற்றைக் குறைத்தால் காரீயம் ஆக்சைடாகாமல் உலோகமாகவே நிற்கும். சூட்டை மிஞ்ச விட்டால் காரீயம் ஆவியாகி ஊதுகிறவர் மூச்சுக்குள் போகும். கடைசி நொடியில் மேலே மிதந்த படலம் கிழிந்து வெள்ளி சட்டென்று மின்னும். அப்போது அவசரப்பட்டுக் குளிரவைக்கக் கூடாது. உருகிய வெள்ளி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து வைத்திருக்கும். திடீரென்று உறையும்போது அதைத் துப்பும், கூடவே வெள்ளித் துளிகளும் தெறிக்கும். மெதுவாக ஆறவிட வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு போனால், வழியில் கிடக்கும் கரிய கசடுத் துண்டும் கண்ணில் படும். எதையும் எடுத்துப் பையில் போடாதீர்கள், அது தொல்லியல் களம்.

#6 மலைப்பாதை

நடையைப் பற்றி நான் சொல்கிறேன். ஓமோரி தாய்கான்ஷோ-ஆடோ என்ற நிறுத்தத்தில் இறங்கினால் ஊர்த்தெரு சுமார் 0.8 கி.மீ. அது கின்சான் பூங்காவில் முடியும். அங்கிருந்து ரியூகென்ஜிக்கு 2.3 கி.மீ., மெல்ல ஏறும் பாதை. ஆக, ஒரு வழிக்கு 3 கி.மீ.க்குச் சற்று மேல். முன்பு சுரங்கம் வரை பேருந்து ஓடியது. பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் மிகுந்து, குறுகிய தெருவில் வீட்டு வாசலை உரசிக்கொண்டு ஓடியதால் 2008-ல் நிறுத்திவிட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வாழ்க்கைக்காக எடுத்த முடிவு. எனக்கு அதில் முழு உடன்பாடு.

பெரியவருக்கு: மின்சார உதவியோடு ஓடும் வாடகை சைக்கிள் உண்டு, ஏற்றத்துக்குச் சாதா சைக்கிளை எடுக்காதீர்கள். சைக்கிள் முடியாதவருக்கு மெதுவாக ஓடும் சிறிய மின்வண்டிச் சேவை இருக்கிறது. இருக்கைகள் குறைவு, அதனால் காலையிலேயே கேட்டுவிட வேண்டும். சுரங்கத்துக்குள் உயரம் சில இடங்களில் 1.6 மீட்டர்தான், தரை ஈரம், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். கோடையில் வெளியே 33 டிகிரி என்றாலும் உள்ளே குளிரும், பெரியவருக்கு ஒரு சட்டை கையில் இருக்கட்டும். ரப்பர் அடியுள்ள செருப்பைவிட ஷூ நல்லது. இன்னொன்று, நுழையும் வாய் வேறு, வெளிவரும் வாய் வேறு. சைக்கிளை எங்கே விட்டீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து அங்கே திரும்ப நடக்க வேண்டும்.

நேரம்: மார்ச் முதல் நவம்பர் வரை 9 முதல் 17 மணி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 16 மணிக்கே மூடிவிடுவார்கள்.

இறங்கும் வழியில் ஷிமிசுதானி உருக்காலையின் இடிபாடுகளை விட்டுவிடாதீர்கள். மலைச்சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கிய பெரிய மதில்கள். 1895-ல் ஃபுஜிதா நிறுவனம் நவீன இயந்திரங்களோடு கட்டியது. தாதுவில் எதிர்பார்த்த வெள்ளி இல்லாததால் ஒன்றரை ஆண்டில் மூடினார்கள். பாசி பிடித்த அந்த மதில்கள் காட்டுக்குள் அப்படியே நிற்கின்றன. பக்கத்து ஈர மண்ணில் சன்னமான இலையுள்ள பெரணி ஒன்று கூட்டமாக முளைத்திருந்தால் குனிந்து பாருங்கள். ஹெபினோநெகோசா என்று பெயர். மற்றச் செடிகளைக் கொல்லும் கன உலோகம் உள்ள மண்ணில் இது தழைக்கும். பழைய காலத்தில் தாது தேடியவர்களுக்கு இதுவே துப்பு.

#7 தென்றல்

ஓக்குபோ மாபு என்று இன்னொன்று இருக்கிறதே, அது எப்படி? அதுதான் பெரியது என்றார்கள்.

#8 மலைப்பாதை

ஆமாம் தென்றல், பெரியது அதுதான். முதல் நிர்வாகி ஓக்குபோ நகயாசுவின் பெயர். குதிரை மேல் ஏறியே உள்ளே போனார் என்று கதை சொல்லும் அளவுக்கு உயரம். ஆனால் நினைத்த நேரத்தில் போக முடியாது. மார்ச் முதல் நவம்பர் வரை, வார இறுதியை ஒட்டிய நாட்களில், வழிகாட்டியோடு, முன்பதிவு செய்தவர்கள் மட்டும். உலகப் பாரம்பரிய மையத்திலிருந்து வண்டியில் அழைத்துப் போவார்கள், அதற்குப் பிறகு மலையேற்றம் உண்டு. தலைக்கவசமும் ரப்பர் பூட்ஸும் அவர்களே தருவார்கள். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் உறங்குகின்றன. பெரியவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், முட்டிக்கு அந்த ஏற்றம் ஆகாது. மற்றவர்கள் போகும்போது அவர் மையத்துக் காட்சிக்கூடத்தில் இருக்கலாம்.

சென்னோயாமா உச்சி, 537 மீட்டர், தனியாக ஏறுபவர்கள் கரடி மணி கட்டிக்கொள்ளுங்கள். ஷிமானே மலைகளில் கரடி உண்டு. இலையுதிர் காலத்தில் பெருங்குளவிகளும் தொல்லை, கறுப்புத் துணி தவிர்க்கவும். பாதையை விட்டு விலகவே கூடாது. 600-க்கும் மேற்பட்ட சுரங்க வாய்கள் உள்ள மலை, புதர் மூடிய பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

#9 ஓட்டுவீடு

எல்லாரும் சுரங்கத்திலேயே நிற்கிறீர்கள். ஊரைப் பற்றி யாராவது பேச வேண்டாமா!

ஓமோரியில் இப்போது இருப்பது சுமார் 400 பேர். 1923-ல் சுரங்கம் நின்றது, மறுபடி திறக்கும் முயற்சியும் 1943-ல் வெள்ளம் வந்ததோடு அடியோடு முடிந்தது. ஊரும் அதோடு காலியாகியிருக்க வேண்டும். ஆனால் ஊர்க்காரர்களே வீடுகளைக் காத்தார்கள். 1987-ல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட பழந்தெருவாக அறிவித்தது. செயற்கை உறுப்பு செய்யும் நகமுரா பிரேஸ் நிறுவனம் 1974-ல் இங்கே தொடங்கியது. பாழடைந்த வீடுகளை வாங்கிச் சீர்செய்து ஆட்களைக் குடியேற்றியதில் அதன் பங்கு பெரியது. இன்று அங்கே குழந்தைகள் சத்தம் கேட்கிறது. எனக்கு அந்தச் சுரங்கத்தைவிட இது பெரிய சாதனை.

தெருவில் நடக்கும்போது வீடுகளின் வரிசையைக் கவனியுங்கள். மற்ற நகரங்களில் சாமுராய்க்கு ஒரு பக்கம், வணிகருக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருப்பார்கள். இங்கே சாமுராய் வீடு, அடுத்து வணிகர் வீடு, அடுத்து கோயில் என்று கலந்தே இருக்கும். 1800-ல் பெருந்தீயில் ஊர் எரிந்தது. மறு ஆண்டு கட்டியதுதான் குமகாய் வீடு. வெள்ளியை எடைபோட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கன்செயோன்-ஜி கோயில் பாறை மேல் இருக்கிறது, படிகள் செங்குத்து. மேலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் செம்பழுப்பு ஓடுகள். செகிஷு ஓடு என்பார்கள். கிமாச்சி கல்லைப் பூச்சாகப் பூசி 1,200 டிகிரிக்கு மேல் சுடுவதால் அந்த நிறம். அவ்வளவு சூட்டில் வெந்த ஓடு தண்ணீரை உறிஞ்சாது, உறிஞ்சாததால் குளிரில் உறைந்து வெடிக்காது. பனி பெய்யும் கடற்கரைக்கு அதுதான் தாங்கும்.

ரகான்-ஜியில் குகைகளுக்குள் 501 கற்சிலைகள். சுரங்கத்தில் செத்தவர்களுக்காக 25 ஆண்டுகள் செதுக்கி 1766-ல் முடித்தார்கள். ஒவ்வொரு முகமும் வேறு. ஒன்று சிரிக்கும், ஒன்று வானத்தைப் பார்க்கும். குகைக்குப் போகும் வளைந்த கல்பாலங்கள் மழையில் வழுக்கும், பெரியவரைக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள்.

இதோ கோயில் என்று நினைத்துத் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்ப்பது வேண்டாம், பெரும்பாலானவை குடியிருக்கும் வீடுகள். வாசலில் மூங்கில் குழாயில் வைத்த பூவைப் படம் எடுக்கலாம், சன்னலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது.

#10 தூரதேசி

சாப்பாடு? சைவத்துக்கு என்ன செய்வது அக்கா?

#11 ஓட்டுவீடு

கடினம்தான் தம்பி, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஊருக்குள் கன்வீனியன்ஸ் ஸ்டோர் கிடையாது. சோபா எனும் நூடுல்ஸ் கிடைக்கும், ஆனால் அதன் சாறு மீன் துருவலில் ஊறியது. காய்கறி சோபா என்று எழுதியிருந்தாலும் அதே சாறுதான். "நிக்கு நாஷி", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மீன் வந்துவிடும். "தாஷி மோ தாமெ தெசு", சாறும் கூடாது, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் ஜெர்மன் முறை ரொட்டிக் கடை ஒன்று இருக்கிறது, அது கைகொடுக்கும். விடுமுறை நாள் பார்த்துப் போங்கள். கைக்காவலாக ஓடாஷியிலேயே ஊமே ஊறுகாய் வைத்த ஓனிகிரி (சோற்று உருண்டை), பழம், தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கமும் அங்கேயே எடுத்துவிடுங்கள். விடுதியில் தங்குவதாக இருந்தால் பதிவு செய்யும்போதே எழுதுங்கள், வாசலில் போய்ச் சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது.

கூடவே இன்னொன்று. ஓமோரியில் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தின்பண்டம் கண்டால் வாங்குங்கள். 1731-ல் இங்கே நிர்வாகியாக வந்த இடோ ஹெய்சாயெமோன், மறு ஆண்டு பஞ்சத்தில் அரசுக் களஞ்சியத்தைத் திறந்து அரிசி கொடுத்தார். சாட்சுமாவிலிருந்து கிழங்கு வரவழைத்துப் பயிரிட வைத்தார். "கிழங்கு நிர்வாகி" என்றே மக்கள் பெயர் வைத்தார்கள். அவருக்கு ஊரில் கோயில் இருக்கிறது.

#12 தென்றல்

ஒரே நாளில் முடியுமா? ஹிமேஜியிலிருந்து போகக்கூடிய இகுனோ சுரங்கம் சுலபம் என்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

#13 கனிமக்கல்

சுரங்கம் மட்டும் வேண்டும் என்றால் இகுனோ நன்றாகவே இருக்கும். 1973 வரை ஓடியது; மொத்த வழிகள் 350 கி.மீ., ஆழம் 880 மீட்டர். சுற்றிப் பார்க்கும் பாதை சுமார் 1 கி.மீ., ஆண்டு முழுக்க 13 டிகிரி. உளிக் காலமும் இயந்திரக் காலமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஹிமேஜியிலிருந்து பான்டான் பாதை ரயிலில் இகுனோ நிலையம், அங்கிருந்து கொஞ்ச நேரப் பேருந்து. முட்டி வலிக்கும் இது எளிது. ஆனால் மலை, ஊர், துறைமுகம் மூன்றும் ஒன்றாக நிற்கும் இடம் இவாமிதான்.

இவாமியை ஒரே நாளில் அடக்காதீர்கள். முதல் நாள் ஓமோரி, ரியூகென்ஜி. மாலையில் ரயிலேறி, கடற்கரை வெந்நீர் ஊற்று ஊரான யுனோட்சு போய் இரவு தங்குங்கள்.

#14 ரயில்பாதை

வழிமொழிகிறேன். ஓடாஷியிலிருந்து யுனோட்சு அரை மணி வாக்கில். நிலையத்திலிருந்து வெந்நீர் ஊற்றுத் தெரு வரை கால் மணிக்குச் சற்று மேல் நடை. சனிக்கிழமை போனால் தட்சுநோகோசென் கோயிலில் இரவில் இவாமி ககுரா என்ற முகமூடிக் கூத்து இருக்கும். எட்டுத்தலைப் பாம்பு வதம் போட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

குளியல் கூடங்களில் தண்ணீர் உண்மையிலேயே சுடும், 45 டிகிரிக்கு மேல் போகும். கல்மேல் மஞ்சள் பழுப்பாகத் தாதுப் படலம் தடித்திருக்கும். வாளியால் காலில் தொடங்கி உடல் முழுக்கப் பத்துத் தடவையாவது ஊற்றிக்கொண்டு பிறகு இறங்குங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறிவிடுங்கள். உள்ளே அசையாமல் இருந்தால் சூடு தாங்கும், அசைந்தால் புதுத் தண்ணீர் பட்டுச் சுடும். மற்றவர்களைக் கேட்காமல் குளிர்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ள பெரியவர் என்றால் கால் மட்டும் நனைத்தால் போதும்.

மறுநாள் காலை ஓகிடோமாரி துறைக்கு நடந்து போங்கள். சில வீடுகள், ஒரு சின்னக் கோயில், வளைந்த விரிகுடா. கரையோரப் பாறையில் துளை குடைந்து, கயிறு கோத்துக் கப்பல் கட்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன, ஹனகுரி பாறை என்பார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடும் துளை போலவே இருக்கும், பெயரும் அதிலிருந்துதான். ஓமோரியிலிருந்து சுமார் 12 கி.மீ. மலைப்பாதையில் சுமந்து வந்த வெள்ளி இங்கேதான் கப்பலேறியது. விரல் விட்டால் உட்பக்கம் கயிறு தேய்த்த வழவழப்பு தெரியும்.

#15 தூரதேசி

இரண்டு நாள் என்று முடிவு செய்தாகிவிட்டது. மூட்டை முடிச்சோடு ஓமோரி தெருவில் நடப்பதா என்பது மட்டும்தான் மிச்சம்.

#16 ரயில்பாதை

வேண்டாம். அந்தத் தெருவுக்குச் சக்கரப்பெட்டி சரிப்படாது, சுரங்கப் பாதைக்கு அறவே ஆகாது. ஓடாஷி நிலையத்து லாக்கரில் பெரிய பெட்டிக்கு இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரவு யுனோட்சுவில் தங்குகிறீர்கள் என்பதால், முந்தைய விடுதியிலிருந்தே பெட்டியைத் தக்யுபின் கூரியரில் யுனோட்சு விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் போதும், தொலைவிலிருந்து என்றால் இரண்டு நாள். உங்கள் தோளில் தண்ணீர், ஓனிகிரி, டார்ச், பெரியவரின் சட்டை இருந்தால் போதும்.